வண்டி வாயுவை அடுப்புக்குப் பிடிக்கலாமா?

சென்ற விடுமுறையில் கெங்குவார்பட்டிக்குப் போயிருந்தபோது, என் அக்காள் மகன் இரண்டு கேள்விகளுடன் காத்திருந்தான். அவன் சரக்கு ஆட்டோ ஓட்டுபவன். மாங்காய்க் காலத்தில் மாங்காய், மற்றக் காலங்களில் தேங்காயும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு பெரியகுளத்துக்கும் வத்தலக்குண்டுக்கும் போய்வருவான். அண்மையில் அவன் வாங்கிய வண்டி சி.என்.ஜி. எனப்படும் அழுத்தப்பட்ட இயற்கை வாயுவில் ஓடுவது.

"மாமா, ராத்திரி பங்குல நிரப்பும்போது முள்ளு இருநூறு காட்டுச்சு. வண்டியை அப்படியே நிப்பாட்டிட்டுக் காலையில பார்த்தா நூத்தி எண்பதுதான் இருக்கு. ஏமாத்திட்டாங்களா?" என்பது முதல் கேள்வி.

"வண்டிக்குப் பிடிக்கிற கேஸையே வீட்டுக் காலி சிலிண்டர்ல கொஞ்சம் பிடிச்சுக்கிட்டா என்ன? அதுவும் எரியத்தானே செய்யும்?" என்பது இரண்டாவது.

முதல் கேள்வியில் இருப்பது சில ரூபாய்க் கணக்கு. இரண்டாவதில் இருப்பது உயிர்க் கணக்கு. இரண்டுக்கும் விடை கல்லூரி முதலாண்டு இயற்பியலில் இருக்கிறது. அதை இங்கே காண்போம்.

இரு வேறு பொருள்கள்

வீட்டுச் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. வண்டியில் இருப்பது பெரும்பாலும் மீத்தேன். மூன்றுமே கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த உடன்பிறப்புகள்தாம், மூன்றும் எரியும். ஆனால் ஒரு முக்கியமான குணத்தில் மீத்தேன் தன் உடன்பிறப்புகளினின்றும் வேறுபடுகிறது.

ஒவ்வொரு வாயுவுக்கும் மாறுநிலை வெப்பநிலை என ஒன்று உண்டு. அந்த வெப்பநிலைக்கு மேலே எவ்வளவுதான் அழுத்தினாலும் வாயு திரவமாகாது. புரோப்பேனுக்கு இது ஏறத்தாழ 97 டிகிரி செல்சியஸ். பியூட்டேனுக்கு 152 டிகிரி. நம் ஊர் வெயில் இவற்றுக்கு வெகு கீழே இருப்பதால், சற்றே அழுத்தினாலும் இவ்விரண்டும் திரவமாகிவிடுகின்றன. வீட்டுச் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தால் உள்ளே நீர்போல அலம்புவது இந்தத் திரவமே. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரிகிறது.

மீத்தேனின் மாறுநிலை வெப்பநிலையோ பூஜ்யத்துக்குக் கீழே 82 டிகிரி! தேனியில் மட்டுமன்று, மார்கழி மாதக் கொடைக்கானலிலும் அதை வெறும் அழுத்தத்தால் திரவமாக்க முடியாது. திரவமாக வேண்டுமானால் குளிர்விக்க வேண்டும். எண்ணூரில் 2019-ஆம் ஆண்டு தொடங்கிய முனையத்துக்குக் கப்பலில் வந்திறங்கும் இயற்கை வாயு பூஜ்யத்துக்குக் கீழே 162 டிகிரியில் குளிர்ந்த திரவமாகவே வருகிறது. ஆட்டோவில் அத்தனை குளிருக்கு எங்கே போவது? ஆகவே மீத்தேனை வாயுவாகவே வைத்து, சிறிய இடத்தில் திணித்து அடைக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு திணிக்க வேண்டும்? வளிமண்டல அழுத்தத்தைப் போல் 200 மடங்கு!

இருபத்தைந்தும் இருநூறும்

வீட்டுச் சிலிண்டருக்குள் சாதாரண நாளில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 5 முதல் 8 மடங்கு அழுத்தம் இருக்கும். சிலிண்டரைச் செய்யும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோகிராம் அழுத்தத்தில் நீரை நிரப்பிச் சோதிக்கிறார்கள். சோதனை அழுத்தமே அவ்வளவுதான். வண்டிச் சிலிண்டரிலோ ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 200 கிலோகிராம் விசை எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்கிறது. நகக்கண் அளவு இடத்தின்மேல் இரண்டு நெல் மூட்டைகளுக்கு மேலான பாரம்! அதனால்தான் அது தடித்த, இணைப்பு வரியே இல்லாத எஃகினால் ஆனது. 60 லிட்டர் கொள்ளளவுள்ள எஃகுச் சிலிண்டர் வெறுமையாகவே சுமார் 60 கிலோ எடை இருக்கும். அதில் அடைபடும் வாயு 9 அல்லது 10 கிலோ மட்டுமே.

வீட்டுச் சிலிண்டரில் இந்த வாயுவைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை இனி விளக்க வேண்டியதில்லை. 25-க்குச் சோதிக்கப்பட்ட பாத்திரத்தை 200-உடன் இணைப்பதாகும் அது. பங்கிலிருந்து வீடு வந்து சேரக்கூட நேரம் இராது.

"கொஞ்சமாக, அழுத்தம் ஏறாமல் பிடித்தால்?" என்று அவன் விடவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தோம். வீட்டுச் சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 33 லிட்டர். அதில் 8 மடங்கு அழுத்தத்தில் மீத்தேனை அடைத்தால் கிடைப்பது 170 கிராம் அளவே. அதே பாத்திரத்தில் சமையல் வாயு 14.2 கிலோ இருக்கிறது. இரண்டு வேளைச் சமையலுக்கே போதாத வாயுவுக்காக உயிரைப் பணயம் வைப்பானேன்? மேலும், கன அளவுக்குக் கன அளவு மீத்தேன் தரும் வெப்பம் சமையல் வாயு தருவதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே சமையல் வாயு அடுப்பின் நுண்துளை மீத்தேனுக்குப் போதாது. குழாய் வழியே இயற்கை வாயு வரும் வீடுகளில் அடுப்பின் துளையை மாற்றித் தருவது இதற்காகவே.

பங்கில் நடப்பது என்ன?

இனி முதல் கேள்விக்கு வருவோம். பங்கில் வாயு வண்டிக்குள் எப்படி ஏறுகிறது? மேட்டுத் தொட்டியிலிருந்து பள்ளத்துத் தொட்டிக்கு நீர் பாய்வதுபோல, அழுத்தம் மிகுந்த பாத்திரத்திலிருந்து குறைந்த பாத்திரத்துக்கு வாயு பாய்கிறது. இரண்டிலும் அழுத்தம் சமமானதும் நின்றுவிடுகிறது.

ஒரே அளவுள்ள இரு சிலிண்டர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் அழுத்தம் 200, மற்றது காலி. இணைத்தால் இரண்டிலும் 100 ஆகும். 200 உள்ள இரண்டாவது சிலிண்டரை இணைத்தால் வண்டியில் 150 ஆகும், மூன்றாவதால் 175. இப்போது பங்கில் மீந்திருக்கும் மூன்று சிலிண்டர்களில் 100, 150, 175 என அழுத்தம் இருக்கும்.

அடுத்த வண்டி வருகிறது. எதை முதலில் இணைக்க வேண்டும்? "நிறைய இருப்பதை" என்றுதான் யாருக்கும் சொல்லத் தோன்றும். செய்து பார்ப்போம். 175-ஐ இணைத்தால் வண்டியில் 87.5. பிறகு 150-ஐ இணைத்தால் சுமார் 119. மூன்றாவதில் இருப்பது 100 மட்டுமே. அதிலிருந்து துளிகூட ஏறாது. மாறாக, குறைந்ததிலிருந்து தொடங்குவோம். 100-ஐ இணைத்தால் 50. 150-ஐ இணைத்தால் 100. 175-ஐ இணைத்தால் 137.5. அதே மூன்று சிலிண்டர்கள்தாம். வரிசையை மாற்றியதற்கே இத்தனை லாபம்! படிப்படியாக ஏற்றும் இந்த முறையைத்தான் பங்குகள் கையாளுகின்றன. எத்தனை சிலிண்டர் வைத்தாலும், தன்னிடம் உள்ள மிக உயர்ந்த அழுத்தத்தை எட்டவே முடியாது என்பதால், அவர்கள் சேமிப்பில் 200-க்கு மேல், சுமார் 250 வரை ஏற்றி வைக்கிறார்கள். குழாய் எட்டாத ஊர்ப் பங்குகளுக்குச் சிலிண்டர் அடுக்குகளைச் சுமந்து லாரிகள் வருவதை நீங்கள் சாலையில் பார்த்திருக்கலாம்.

இரவில் 200, காலையில் 180

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை எல்லோரும் அறிவோம். வாயுவை அழுத்தினால் அது சூடேறும். பங்கில் இரண்டொரு நிமிடத்தில் வாயு பாய்ந்து நிரம்பும்போதும் இதுவே நடக்கிறது. முதலில் நுழைந்த வாயுவைப் பின்னால் வருவது நெருக்கி அழுத்துகிறது; உள்ளே வெப்பம் ஏறுகிறது. அந்த வெப்பம் தடித்த எஃகைக் கடந்து வெளியேற நேரம் போதுவதில்லை.

நிரப்பி முடித்தபோது வாயு 55 டிகிரியில் இருந்ததாகக் கொள்வோம். விடியற்காலையில் அது 25 டிகிரிக்குக் குளிர்ந்துவிடுகிறது. கன அளவு மாறாதபோது அழுத்தம் தனி வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பது பள்ளியில் படித்த விதி. தனி வெப்பநிலை 328-லிருந்து 298-க்கு இறங்கினால், 200 என்ற அழுத்தம் 182 ஆகிவிடும். என் மருமகன் கண்ட 180 இதுதான்! (இவ்வளவு உயர்ந்த அழுத்தத்தில் மீத்தேன் அந்த எளிய விதிக்கு முழுதும் கட்டுப்படுவதில்லை, ஆனால் போக்கு இதுவே.)

அப்படியானால் ஏமாற்றினார்களா? இல்லை. பங்கின் கருவி வாயுவைக் கிலோவில் அளந்து விலை போடுகிறது, அழுத்தத்தில் அன்று. அழுத்தம் இறங்கினாலும் வாங்கிய கிலோ குறையவில்லை. குளிர்ந்த சிலிண்டரில் நிதானமாக நிரப்பினால் இன்னும் சற்று ஏறியிருக்கும், அவ்வளவே.

ஆனால் ஓர் எச்சரிக்கை. குளிர்ந்து ஒரு நிலைக்கு வந்த பிறகும், ஓடாத வண்டியில் நாளுக்கு நாள் முள் இறங்கினால் அது கசிவு. உடனே வண்டியை அதற்குரிய பட்டறையில் காட்ட வேண்டும்.

படகுக்காரர்களின் கணக்கு

என் மருமகனின் இரண்டாவது கேள்வியை வேறொரு விதத்தில் கேட்டவர்கள் உலகில் உண்டு. 1970-களிலும் 80-களிலும் அமெரிக்காவில் பாய்மரப் படகு வைத்திருந்தோர் பலர் தம் படகின் சமையலடுப்புக்கு, அதற்கென்றே செய்த கனத்த சிலிண்டருடன், அழுத்தப்பட்ட இயற்கை வாயுவைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் எளிது. காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. மீத்தேன் 16, புரோப்பேன் 44, பியூட்டேன் 58. கசிந்தால் மீத்தேன் மேலே போய்விடும். மற்ற இரண்டும் கீழே தங்கும். படகு என்பது பக்கமெல்லாம் அடைத்த கிண்ணம். அடித்தட்டில் தேங்கிய சமையல் வாயுவுக்கு வெளியேற வழியில்லை. எஞ்சினைக் கிளப்பும் சிறு பொறி போதும்.

ஆனால் அவர்களுக்கு வேறு சிக்கல் வந்தது. காலியான சிலிண்டரை எங்கே நிரப்புவது? 200 மடங்கு அழுத்தம் தரும் எந்திரம் எல்லாத் துறைமுகத்திலும் இல்லை. சமையல் வாயுவோ எங்கும் கிடைத்தது. பலர் நாளடைவில் அதற்கே திரும்பினார்கள். ஆனால் சிலிண்டரை மேல்தட்டில் தனிப் பெட்டியில் வைத்து, கசிவு கடலுக்கு வழிந்தோடப் பெட்டியின் அடியில் துளை விட்டார்கள். பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கும் நம் படகுக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அண்மைக் காலத்தில் காசியில் கங்கைப் படகுகளின் எஞ்சின்கள் சி.என்.ஜி.க்கு மாற்றப்பட்டபோது, ஆற்று நீர் ஏறி இறங்கினாலும் தானும் ஏறி இறங்கும் மிதக்கும் நிரப்பு நிலையத்தை அமைக்க வேண்டியிருந்தது. எரிபொருளைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. நிரப்பும் வழியைத் தேடுவது மீதிப் பாதி.

நம் ஊருக்குக் கடல் இல்லை, கிணறு இருக்கிறது. கமலைக் கிணறும் மோட்டார்க் குழியும் படகின் அடித்தட்டைப் போன்றவையே. அவற்றின் அருகில் சமையல் சிலிண்டரை வைப்பது தவறு.

தோளில் எழுதியிருப்பது

கடைசியாக, நான் மிகவும் அஞ்சும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பெரிய சிலிண்டரிலிருந்து சிறிய சிலிண்டருக்குத் திருட்டுத்தனமாக வாயு மாற்றித் தருவோர் பல ஊர்களில் இருக்கிறார்கள். திருவிழாக் கடைகளிலும் தனியறை மாணவர்களிடமும் அந்தச் சிறு சிலிண்டர்களைக் காணலாம்.

தொழிற்சாலையில் 33 லிட்டர் சிலிண்டரில் 14.2 கிலோவை எடை போட்டே நிரப்புகிறார்கள். திரவம் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேலே நிற்கும். மீதி இடம் காலி. அந்தக் காலியிடம் வீணன்று. சமையல் வாயுத் திரவம் நீரைப்போல் பத்து மடங்குக்கும் மேலாக விரியக்கூடியது. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் கன அளவு சுமார் இரண்டரை சதவீதம் கூடும். அதற்காக விட்ட இடம் அது. கண் மதிப்பில் மாற்றுபவரிடம் தராசு இல்லை. அழுத்தமானியும் உதவாது; திரவம் கால் பாகம் இருந்தாலும் முக்கால் பாகம் இருந்தாலும் அழுத்தம் ஒன்றே. சிறு சிலிண்டர் கழுத்துவரை நிரம்பிவிட்டால், காலையில் ஒன்றும் தெரியாது. வெயில் ஏறியதும் திரவம் விரிய இடம் தேடும், இடம் இராது. அப்போது ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் பல வளிமண்டல அளவு ஏறும். பிறகு எஃகு தாங்காது.

எனவே சிலிண்டரைச் சட்டப்படி உரிமம் பெற்றவரிடமே வாங்குங்கள். வாங்கும்போது அதன் மேல்பட்டையைப் பாருங்கள். ஏ, பி, சி, டி என்னும் ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் ஓர் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. பி ஜூன் வரை. சி செப்டம்பர் வரை. டி டிசம்பர் வரை. அடுத்த சோதனை எப்போது என்பதே அதன் பொருள். காலம் கடந்திருந்தால் வேறு சிலிண்டர் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது என் அக்காள் உள்ளே போய்த் தன் அடுப்படிச் சிலிண்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். "பி போட்டிருக்குடா. ஆனா வருஷம் தேய்ஞ்சு போச்சு, கண்ணுக்குத் தெரியலை" என்றாள். மருமகன் கைவிளக்கை எடுத்துக்கொண்டு எழுந்தான்.