அக்கரைக்குப் புறப்படுமுன்

வெளிநாட்டுப் பிரயாணம் என்றவுடனே நம்மவர்களில் பலருக்கு லண்டனும் பாரிஸும் சிங்கப்பூருமே ஞாபகத்துக்கு வருகின்றன. விருத்தாசலத்துக் குடும்பம் ஒன்றுக்கு மிகவும் சமீபத்திலுள்ள வெளிநாடு எது என்று கேட்டால், பதில் வரச் சற்று நேரம் பிடிக்கும். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் சுமார் நாலு மணி நேரத்தில் யாழ்ப்பாணக் கரையிலுள்ள காங்கேசன்துறையில் இறங்கிவிடலாம். கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டியதில்லை. அங்கும் இங்கும் ஒரே மணிதான். கடைப் பலகைகளில் தமிழ் எழுத்து வரவேற்கும். குழந்தைகளுக்கும் பாட்டிக்கும் முதல் வெளிநாடாக இலங்கையைவிடத் தகுந்த தேசம் வேறு ஏது?

சமீபத்தில் இருக்கிறது என்பதற்காக யோசனையின்றிக் கிளம்பிவிடலாமா என்றால், கூடாது. இந்த விஷயத்தில் விருத்தாசலத்தாருக்கு வெளியூரார் யாரும் புத்தி சொல்ல வேண்டியதில்லை. அவ்வூர்க் கதையே போதும். சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்தில், அதாவது இதே விருத்தாசலத்தில், இறைவனிடம் பன்னீராயிரம் பொன் பெற்றார். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக் கொள்ளும்படி கட்டளை பிறந்தது. சுந்தரர் இறைவனுக்குத் தோழர். ஆயினும் பொன்னில் ஒரு துணுக்கை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்ட பிறகே மற்றதை ஆற்றில் போட்டார். திருவாரூரில் எடுத்த பொன்னை மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்ததாம். விடாமல் முறையிட்டுச் சரியான பொன்னைப் பெற்றார் என்கிறது பெரிய புராணம். ஆண்டவனிடமே மச்சம் வெட்டிக்கொண்டவர் பொன் பெற்ற ஊரில், பிரயாணக் கம்பெனியின் வர்ண விளம்பரத்தையும், போன வருஷம் போய்வந்த அண்டை வீட்டாரின் வாக்கையும் உரைத்துப் பார்க்காமல் ஏற்கலாமா?

முதலில் உரைத்துப் பார்க்க வேண்டியது காலத்தை. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலை நம்பியுள்ள குடும்பங்களுக்குப் பஞ்சாங்கத்தோடு இன்னொரு பஞ்சாங்கமும் உண்டு. புரட்டாசி நவராத்திரிக்குக் கொலுப் பொம்மைகள், கார்த்திகைக்கு அகல் விளக்குகள் என்று அந்த மாதங்களில் சூளை ஓயாது. கார்த்திகை கழிந்து கை ஓய்ந்ததும் கிளம்பலாம் என்றால், அப்போது வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் கப்பலையே நிறுத்திவிடுவது வழக்கம். மாசியில் கடல் அடங்கும். ஆனால் குழந்தைகளுக்குப் பரீட்சை நெருங்கிவிடும். மிஞ்சுவது சித்திரை, வைகாசி விடுமுறைதான்.

இலங்கையில் மழையும் ஒரே மாதிரிப் பெய்வதில்லை. யாழ்ப்பாணமும் திருகோணமலையும் ஐப்பசி முதல் மார்கழி வரையில் நனைகின்றன. கொழும்பும் காலியும் மேற்கு மலைச் சரிவுகளும் வைகாசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவத்தில் நனைகின்றன. ஆகவே ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து மே நடுப்பகுதிக்குள் போய்த் திரும்புவது உத்தமம். யாழ்ப்பாணத்தில் வெயில் சுடும் என்பது உண்மைதான். விருத்தாசலத்து வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அது புதிதல்ல. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தமிழரும் சிங்களவரும் சேர்ந்து கொண்டாடும் பண்டிகை அது. கடைகள் அடைத்திருக்கும், வண்டிகளில் இடம் கிடைப்பது துர்லபம்.

இரண்டாவது, காகிதங்கள். வயது வந்தவர்களின் பாஸ்போர்ட் பத்து வருஷம் செல்லும். குழந்தைகளுடையது ஐந்தே வருஷம், அல்லது பதினெட்டு வயது நிரம்பும் வரையில். அப்பாவின் பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கிறதென்று நிம்மதியாயிருந்துவிட்டு, சின்னவனுடையது காலாவதியானதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடிக்கும் குடும்பங்கள் பல. ஊருக்குள் நுழையும் தேதியிலிருந்து ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். இலங்கை விசா விதிகளும் கட்டணமும் சமீப வருஷங்களில் பல தடவை மாறியிருக்கின்றன. ஆகையால் இலங்கை அரசாங்கத்தின் குடிவரவுத் துறை இணையதளத்தை நேரே பார்ப்பதுதான் மச்சம். அதே சாயலில் வேறு தளங்களும் உண்டு. அவை அரசாங்கக் கட்டணத்துக்கு மேல் தமக்கும் ஒரு பங்கு வாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது, வழி. 1914-ம் வருஷத்தில் பாம்பன் பாலம் முடிந்த பிறகு, சென்னையில் ஒரே டிக்கட் வாங்கி, தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னார் வரை கப்பல், மறுபடியும் ரயில் என்று கொழும்பு போய்ச் சேரலாம் என்றிருந்தது. 1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்த வழியும் அதோடு மறைந்தது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபர் 14-ல் துவக்கப்பட்டு, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. 2025 நவம்பரில் வந்த டிட்வா புயலோ இலங்கையின் ரயில் பாதைகள் பலவற்றைச் சேதப்படுத்தியது. இவற்றிலிருந்து கற்கவேண்டிய பாடம் ஒன்றே: கடலையும் புயலையும் நம்பிக் கடைசி நாளை நெருக்கமாக வைக்கக்கூடாது. கப்பலில் போனாலும் கொழும்பிலிருந்து விமானத்தில் திரும்ப முடியுமா, அதற்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வையுங்கள். எந்த ரயில் ஓடுகிறது, கப்பலில் ஆளுக்கு எத்தனை கிலோ சாமான் அனுமதி என்பதையும் புறப்படும் வாரத்தில் மறுபடி விசாரியுங்கள்.

நாலாவது, பணம். இந்திய நோட்டாக ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் வெளியே கொண்டுபோக ரிசர்வ் பாங்கு அனுமதிப்பதில்லை. விருத்தாசலத்தில் போட்டுத் திருவாரூரில் எடுத்தது அந்த நாளில் அற்புதம். இந்த நாளில் பாங்கு அட்டை அதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பதைப் பாங்கில் கேட்டு எழுதி வாங்குவதே மாற்றுப் பார்ப்பதாகும். புராதன ஸ்தலங்கள் சிலவற்றில் அயல்நாட்டாருக்கு டாலர் கணக்கில் கட்டணம் உண்டு. சார்க் தேசத்தாருக்கு அதில் சலுகை கிடைக்கும். ஆனால் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். எல்லாம் கூட்டிய பிறகு ஆறில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். விடுமுறைக்காகக் கடன் வாங்கினால், திரும்பி வந்த பிறகு மாதாமாதம் வட்டி கட்டும்போதுதான் பிரயாணம் ஞாபகத்துக்கு வரும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது, வீட்டு மனிதர்கள். தகப்பனார் ஒருவரே வரைபடத்தில் கோடு கிழித்து, ஏழு நாளில் பதினான்கு ஊர் என்று தீர்மானித்துவிடுவது நமது வழக்கம். அப்படிப்பட்ட பிரயாணத்தில் அம்மா சமையலுக்குப் பதில் மூட்டை கட்டுகிறாள். அவ்வளவுதான் அவளுக்கு விடுமுறை! ஒரு மாலை எல்லோரும் உட்கார்ந்து ஆளுக்கு ஓர் இடம் சொல்லட்டும். சிகிரியாவின் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் பையனுக்கு உற்சாகம்; பாட்டியின் முழங்காலுக்குத் தண்டனை. அவளுக்குத் திருகோணமலைக் கோணேசர் இருக்கிறார். படிக்கும் பெண்ணை யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். 1981-ல் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் கட்டப்பட்ட அந்தக் கட்டிடம், எந்தப் பாடப் புத்தகமும் சொல்லாததைச் சொல்லும். கொழும்பு மியூசியத்தில் சீனத் தளபதி செங் ஹோ காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1911-ல் காலி நகரில் கிடைத்த அந்தக் கல்லில் சீனத்துக்கும் பாரசீகத்துக்கும் சரியாசனமாகத் தமிழ் பொறிக்கப்பட்டிருக்கிறது. களிமண்ணில் தொழில் செய்கிறவர்களுக்கு மாத்தளையில் பீங்கான் செய்துவரும் நோரிட்டாக்கி ஆலையின் சாமான்களைக் கடையில் கையில் எடுத்துப் பார்ப்பதே ஒரு பாடம்.

மன்னாருக்கு அருகே திருக்கேதீச்சரம் இருக்கிறது. விருத்தாசலத்தில் பொன் பெற்ற அதே சுந்தரர் அந்தத் தலத்தையும் பாடியிருக்கிறார். இராமேசுவரக் கரையில் நின்றபடியே பாடினார் என்பது பரம்பரையாக வரும் செய்தி. அவர் இக்கரையிலிருந்து வணங்கிய இடத்தை நம் வீட்டுக் குழந்தைகள் அருகே சென்று காணலாம். அதற்கு வேண்டியது பெரும் செல்வமல்ல. ஒரு நோட்டுப் புத்தகமும், ஆறு மாதப் பொறுமையும், கேட்டதையெல்லாம் உரைத்துப் பார்க்கும் பழக்கமுந்தான்.