குளிர்சாதனப் பெட்டியின் கதவும் சட்டமும்

வீட்டிற் பயன்படும் பொருளொன்றினால் உயிர்ச்சேதம் நேருமாயின் அதற்குப் பொறுப்பாளர் யார்? கவனமின்றிக் கையாண்டவரா, அன்றி அப்பொருளை அவ்வாறு ஆக்கி விற்றவரா? நுகர்பொருட் பாதுகாப்புச் சட்டத்தின் வரலாறு இவ்வினாவுக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளின் வரலாறே எனலாம். ஐக்கிய அமெரிக்காவிலே குளிர்சாதனப் பெட்டி குறித்து 1956 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் அவ்விடைகளுள் ஒன்று.

அக்காலத்துப் பெட்டிகளின் கதவு பொறித்தாழினாற் பூட்டப்பட்டது. கதவைச் சாத்தியவுடன் தாழ் தானே விழும். உள்ளிருந்து திறக்க வழியில்லை. குளிர் வெளியேறாதிருத்தற்பொருட்டுக் கதவின் விளிம்பில் இறப்பர்ப் பட்டையும் சுவர்களிற் காப்புப் பொருளும் இடப்பட்டமையாற் காற்று உட்புகாது. உள்ளே எழும் குரலும் வெளியே எளிதிற் கேளாது. பழுதாகிக் கழிக்கப்பட்ட பெட்டிகள் வீட்டுக் கோடிகளிலும் குப்பைமேடுகளிலும் கிடந்தன. ஒளித்து விளையாடுஞ் சிறுவர்க்கு அவற்றினுஞ் சிறந்த மறைவிடம் வேறில்லை. அவ்வாறு புகுந்த பிள்ளைகள் மூச்சடைத்து மாண்டனர்.

பெற்றோரை எச்சரித்தலும், கழிக்கும் பெட்டியின் கதவைக் கழற்றுமாறு விதித்தலும் வேண்டியனவே. ஆயினும் கதவைக் கழற்ற மறந்தவர் ஒருவர். உயிரிழந்தது அயல்வீட்டுப் பிள்ளை. எனவே 1956 ஓகஸ்ட் 2 ஆம் நாள் சனாதிபதி ஐசனோவர் ஒப்பமிட்ட சட்டம், வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவு உள்ளிருந்து திறக்கக்கூடியதாய் அமைதல் வேண்டுமென ஆக்குவோர்மீதே கடமையைச் சுமத்தியது. மீறுவோர்க்கு ஓராண்டுக்கு மேற்படாத சிறை, அல்லது 1,000 டொலருக்கு மேற்படாத குற்றப்பணம், அல்லது இரண்டும்.

எவ்வாறு திறத்தல்? இங்கேதான் சட்டம் ஆய்வின் துணையை நாடிற்று. இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள 201 பிள்ளைகளை, பெட்டியை யொத்த அடைப்பொன்றினுள் விட்டு ஆய்வாளர் அவதானித்தனர். அடைப்பிலிருந்த நேரம் பெரும்பாலோர்க்கு மிகக் குறுகியது. முக்காற்பங்கினர் மூன்று நிமிடங்களுக்குள் வெளிவந்தனர். (இன்றைய அறிஞர் இத்தகைய ஆய்வுக்கு உடன்படார் போலும்.) 1958 இல் வெளியான முடிவுகள் பெரியோரின் எதிர்பார்ப்பைப் பொய்ப்பித்தன. நூற்றுக்கு 24 பேர் வெளியேற முயலவேயில்லை, அல்லது சிறிதே முயன்றனர். ஐந்து வயதினருட் பாதிப்பேர் கூக்குரலிடவுமில்லை. கைப்பிடியொன்று வைக்கப்பட்டபோது அதனைத் தள்ளியோர் மிகச் சிலர். நூற்றுக்கு 40 பேர் அறைக்கதவின் குமிழைத் திருகுவதுபோலத் திருகினர். இருளில் அகப்பட்ட மழலை, பொறியியலாளர் எண்ணியவாறு நடந்துகொள்ளவில்லை.

உள்ளிருந்து கதவோரத்தில் 15 இறாத்தல் விசை தாக்கின் கதவு திறத்தல் வேண்டுமென நியமம் வகுக்கப்பட்டது. 1958 ஒக்டோபர் 30 இன் பின் மாநிலங்களுக்கிடையே விற்பனைக்கு வந்த பெட்டிகளுக்கு அது பொருந்திற்று. பொறித்தாழ் மறைந்து, இன்று எங்குங் காணப்படும் காந்தப் பட்டை நிலைபெற்றது. தள்ளினாற் போதும், சாய்ந்து உதைத்தாலும் போதும். பிள்ளையின் அறிவை நம்பியிராமல், அதன் இயல்புக்கேற்பப் பொருளை அமைப்பித்தமையே இச்சட்டத்தின் வலிமை.

குறையும் உண்டு. முன்னரே விற்பனையான பெட்டிகள் சட்டத்துக்கு அகப்படாமல் நெடுங்காலம் உழைத்துப் பின் குப்பைக்கு வந்தன. அன்றியும், அது ஒரு பொருளுக்குரிய சட்டம். எளிதிற் றீப்பற்றும் ஆடைகளுக்கு 1953 இல் ஒரு சட்டம், பெட்டிக்கு 1956 இல் வேறொரு சட்டம் என, ஒவ்வொரு பொருளுங் குழந்தைகளைப் பலிகொண்ட பின்னரே சட்டமன்றம் விழித்தது. 1972 இல் இயற்றப்பட்ட நுகர்பொருட் பாதுகாப்புச் சட்டம், பொதுவான அதிகாரமுடைய ஆணைக்குழுவொன்றை நிறுவி இக்குறையை ஓரளவு நீக்கிற்று. ஆயின் 1981 இல் அதன் கை கட்டப்பட்டது: தொழிலதிபர் தாமே வகுக்கும் நியமம் போதுமானதாயின் ஆணைக்குழு தன் விதியை ஆக்கலாகாது என்றாயிற்று. ஈயங் கலந்த விளையாட்டுப் பொருள்களாற் கிளர்ந்த அச்சத்தின் பின், 2008 இல் வந்த திருத்தச் சட்டமே, சிறுவர் பொருள்களை விற்பனைக்கு முன்னர்ச் சுதந்திரமான ஆய்வுகூடங்கள் சோதித்தல் வேண்டுமென விதித்தது. 1956 ஆம் ஆண்டுச் சட்டமும் நீக்கப்படவில்லை. அதனை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு இப்போது அவ்வாணைக்குழுவினுடையது.