உங்களுக்குத் தெரியுமா? தெளிந்த நாதமும் சிதைந்த நாதமும்

பேஸ் கிதாரின் தடித்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்ந்து எழுப்பும் கம்பீர நாதம், சாதாரண கிதாருக்கென வகுக்கப்பட்ட டிஸ்டார்ஷன் பெடலினுள் புகுந்து வெளிவருகையில் மெலிந்துபோவதற்குக் காரணம், டயோடுகள் அலையின் சிகரங்களை வெட்டுவது மட்டுமன்று. டியூப் ஸ்க்ரீமர் போன்ற பிரசித்தமான பெடல்களில் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகளுக்குப் பெருக்கம் படிப்படியாகக் குறைக்கப்பட்டிருப்பதும் ஒரு காரணமாகும். ஆகவே, வீட்டிலேயே பெடல் செய்யும் ரசிகர்கள், உள்வரும் சமிக்ஞையை ஒரு பஃபரின் வழியே இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சிதைத்து, மற்றதை அதன் சுயரூபத்திலேயே விட்டு, இறுதியில் ஒரு பொட்டென்ஷியோமீட்டரால் இரண்டையும் வேண்டிய விகிதத்தில் கலக்கிறார்கள். (அமெரிக்க வித்துவான் பில்லி ஷீஹனோ, தம் பேஸிலேயே இரண்டு வெளியீடுகளை அமைத்து, கலக்கும் வேலையை ஆம்ப்ளிஃபயர்களிடம் விட்டுவிட்டார்!) பெடலினுள் இவ்வாறு கலப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு: சிதைக்கும் பாதையில் மட்டும் அலையைத் தலைகீழாக்கும் ஆப்-ஆம்ப் கட்டம் ஒன்று இருந்துவிட்டால், அடித்தள ஒலிகள் ஒன்றையொன்று ரத்துசெய்து, கலக்கக் கலக்க நாதம் க்ஷீணிக்கும் என்கிற விபரீதம் நிகழும். அப்பொழுது தெளிந்த பாதையிலும் அத்தகைய கட்டம் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். டிஎல்072 சிப் ஒன்றினுள் இரண்டு ஆப்-ஆம்ப்கள் இருப்பதால் செலவும் அற்பமே.