அச்சில் வந்தால் உண்மையாகிவிடுமா?

குற்றால அருவியில் குளித்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பும் வழியில் மேலகரம் என்னும் ஊரைப் பார்த்திருப்பீர்கள். ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’யைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது. பந்தாடும் வசந்தவல்லி, உலா வரும் குற்றாலநாதரைக் கண்டு காதல் கொள்கிறாள். சிங்கி என்னும் குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்கிறாள். பிறகு சிங்கியைத் தேடிச் சிங்கன் அலைகிறான். கதை முழுவதும் பாட்டாகவே நடக்கிறது. இத்தாலி நாட்டின் ‘ஆப்பெரா’ என்னும் இசை நாடகத்துக்கு நம் மண்ணில் ஓரளவு ஒப்பானது இதுதான்.

இந்நூலைப் பற்றிக் கலைக்களஞ்சியம் ஒன்றில் ஒரு கட்டுரை படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ளது சரிதானா? “அவ்வளவு பெரிய புத்தகத்தில் தவறு இருக்குமா?” என்று கேட்பீர்கள். இருக்கலாம். தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அத்தகைய பெரும் பணியிலும் எழுதுபவர்கள் மனிதர்களே. மேலும், எழுதியபோது சரியாக இருந்தது பின்னால் மாறியும் போகலாம். ஆகவே, ஆய்வுக்கூடத்தில் உப்பைச் சோதிப்பதுபோல் கட்டுரையையும் சோதிக்கலாம். எப்படி என்று பார்ப்போமா?

முதல் சோதனை: எப்போது எழுதியது?

முதலில் நூல் அச்சான ஆண்டைப் பாருங்கள். பழைய நூலில் ‘குற்றாலம், திருநெல்வேலி மாவட்டம்’ என்று இருந்தால் அது தவறன்று. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-இல்தான். பக்கத்திலுள்ள செங்கோட்டையோ, 1956 நவம்பர் 1-க்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது! பழையது வேறு, பிழையானது வேறு.

இரண்டாம் சோதனை: காலங்கள் பொருந்துகின்றனவா?

குறவஞ்சிக்காகக் கவிராயருக்கு மதுரை மன்னர் விசயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் கொடுத்தார் என்பது வழங்கிவரும் செய்தி. அம்மன்னர் ஆண்டது 1706 முதல் 1732 வரை. ஒரே கட்டுரை இச்செய்தியையும் சொல்லி, நூல் தோன்றியது 16-ஆம் நூற்றாண்டு என்றும் சொன்னால், இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது அல்லவா?

இப்பகுதியின் பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டும் வரும். அது ஆவணியில் பிறப்பது. ஆவணி முதல் டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1200 பிறந்தது 2024 ஆகஸ்டில். மாதத்தைப் பாராமல் கூட்டினால் ஓராண்டு பிசகிவிடும்.

மூன்றாம் சோதனை: ‘எல்லாம்’ என்ற சொல்

‘குறவஞ்சிகள் எல்லாம் சைவக் கடவுளரையே பாடுகின்றன’ என்று ஒரு வரி இருந்தால் என்ன செய்வீர்கள்? நூறு குறவஞ்சிகளைத் தேட வேண்டியதில்லை. எதிர்ச் சான்று ஒன்று போதும். வேதநாயக சாஸ்திரியாரின் ‘பெத்லகேம் குறவஞ்சி’ ஏசுநாதரைப் பாடுகிறது. தஞ்சையின் ‘சரபேந்திர பூபாலக் குறவஞ்சி’யில் தலைவன் சரபோஜி மன்னர். அந்த வரி விழுந்துவிட்டது!

நான்காம் சோதனை: சாட்சிகள் எத்தனை?

இது மிகவும் முக்கியம். இத்தாலிய இசைமேதை வெர்டியின் ‘ஐடா’ என்ற ஆப்பெராவை எடுத்துக்கொள்வோம். சூயஸ் கால்வாய்த் திறப்பு விழாவுக்காக அது இயற்றப்பட்டது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். கால்வாய் திறந்தது 1869 நவம்பர் 17. ஐடா கெய்ரோவில் முதன்முதல் அரங்கேறியது 1871 டிசம்பர் 24. இரண்டு ஆண்டு இடைவெளி! கெய்ரோவின் புதிய ஆப்பெரா அரங்கு 1869 நவம்பர் 1-இல் திறந்தபோது நடந்ததும் ஐடா அன்று. அதே வெர்டியின் ‘ரிகோலெட்டோ’.

அப்படியானால் விழாவுக்காகத் தொடங்கிய வேலைதான் தாமதமாயிற்றோ? தாமதம் ஏற்பட்டது உண்மை. 1870-இல் மூண்ட போரில் பாரிஸ் நகரம் முற்றுகையிடப்பட்டு, அங்கே தயாரான காட்சித் திரைகளும் உடைகளும் வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்டன. ஆனால் போர் மூண்டது கால்வாய் திறந்து எட்டு மாதம் கழித்து. ஐடா முதலில் அரங்கேற வேண்டியிருந்ததோ 1871 ஜனவரியில். ஆகவே கால்வாய் விழாவைத் தவறவிட்டது என்று சொல்ல இடமில்லை.

பிறகு ஏன் பத்து நூல்கள் தவறாகச் சொல்கின்றன? கால்வாய், அரங்கு, ஐடா மூன்றும் ஒரே நாட்டில், அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்தவை. யாரோ ஒருவர் அவற்றை முடிச்சுப் போட்டார். மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள். ஒருவனைப் பார்த்து ஒன்பது பேர் கணக்கை எழுதினால், அது பத்து விடைகள் ஆகுமா? ஒரே விடைதான். பார்த்து எழுதிய நூல்களும் அப்படியே. அவற்றை எண்ணிப் பயனில்லை. செய்தி முதலில் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும்.

தவறு கண்டால்?

கேலி செய்யாதீர்கள். பக்கம், வரி, இருப்பது, இருக்க வேண்டியது, அதற்குச் சான்று, இந்த ஐந்தையும் தெளிவாக எழுதிப் பதிப்பாசிரியருக்கு அனுப்புங்கள். சான்று இல்லாத திருத்தம் இன்னொரு தவறாகிவிடலாம். கட்டுரையின் நல்ல பகுதிகளையும் குறிப்பிடுங்கள். சோதிப்பவர் நடுநிலை தவறக் கூடாது.

செய்து பாருங்கள்: உங்கள் ஊரைப் பற்றிய கட்டுரை ஒன்றை நூலகத்தில் தேடி எடுங்கள். அதிலுள்ள செய்திகளை ஒவ்வொன்றாக எண்ணிட்டு எழுதுங்கள். நேரில் பார்த்து உறுதி செய்யக்கூடியவை எவை, ஆவணம் தேவைப்படுபவை எவை, வெறும் கருத்துகள் எவை என்று மூன்றாகப் பிரியுங்கள். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்!