தொட்டில் அருகே கேமரா: வாங்கும் முன் கவனியுங்கள்

கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்ட வீடுகளில் கைக்குழந்தை இருந்தால், "குழந்தை தூங்கும் அறையில் ஒரு வை-பி கேமரா வைக்கலாமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம். ஆனால் கேமரா குழந்தையைக் காட்டும், காப்பாற்றாது. எனவே முதலில் படுக்கை, அடுத்து கேமரா, அதன்பின் பாஸ்வேர்ட் என்ற வரிசையில் பார்ப்போம்.

படுக்கை: அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2022ல் வெளியிட்ட பரிந்துரைகள் மிகவும் தெளிவானவை. ஒரு வயது வரை குழந்தையை ஒவ்வொரு முறையும் மல்லாந்து படுக்க வையுங்கள். மெத்தை சமமாகவும், குழி விழாத அளவு உறுதியாகவும் இருக்க வேண்டும். தலையணை, தளர்வான போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். முதல் 6 மாதமாவது பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்க வேண்டும். அமெரிக்காவில் 1994ல் மல்லாந்து படுக்க வைக்கும் பிரசாரம் தொடங்கிய பின், தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. நம் வீட்டுத் தூளி சமமான படுக்கை அல்ல. அதில் குழந்தையின் தாடை மார்பில் பதிந்தால் மூச்சுப் பாதை நெருக்கப்படும்.

கேமரா: தொட்டிலின் விளிம்பில் கேமராவை மாட்டாதீர்கள். அதன் வயர் குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கேமராவும் வயரும் தொட்டிலிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி இருக்கட்டும். வயரைச் சுவரோடு சேர்த்து கேசிங் பட்டைக்குள் விட்டுவிடுங்கள்.

பாஸ்வேர்ட்: கேமராவுடன் வரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். அதை மாற்றாமல் விட்டால், முகம் தெரியாத ஒருவர் உங்கள் படுக்கையறையைப் பார்க்க முடியும். ரூட்டரின் பாஸ்வேர்டையும் மாற்றி, செக்யூரிட்டி பிரிவில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 தேர்ந்தெடுங்கள். கேமராவின் ஆப்பில் இரண்டு கட்ட சரிபார்ப்பு வசதி இருந்தால் இயக்குங்கள். அப்டேட் வரும்போது தள்ளிப் போடாதீர்கள். வெளியிலிருந்து பார்க்கும் தேவை இல்லை என்றால் அந்த வசதியை நிறுத்திவிடுங்கள்.

குழந்தையின் காலில் சாக்ஸ் போல மாட்டி, இதயத்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் போனுக்கு அனுப்பும் கருவிகளும் கிடைக்கின்றன. இவற்றை நம்பி பாதுகாப்பான படுக்கை முறையைத் தளர்த்தக் கூடாது என்பதே அந்த அகாடமியின் கருத்து.

கடைசியாக ஒரு சோதனை. கேமரா இயங்கும்போது ரூட்டரை அணைத்துவிட்டு போனைப் பாருங்கள். சில ஆப்களில் இணைப்பு போனதும் எச்சரிக்கை ஒலிக்கும். சிலவற்றில் கடைசிப் படம் அப்படியே உறைந்து நிற்கும். குழந்தை அமைதியாகத் தூங்குவது போலவே தோன்றும்! உங்கள் ஆப் இரண்டாவது ரகம் என்றால், இரவில் கரன்ட் போனதும் எழுந்து போய் குழந்தையை நேரில் பார்த்துவிடுங்கள்.