பழுதான கிருமிநாசினியும் கமக்காரரின் சட்ட உரிமையும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களைச் சூழ்ந்த வயல்களிற் பெரும்போக விதைப்பு முடிந்ததும், கடைத்தெருக்களிற் களைநாசினிக்கும் கிருமிநாசினிக்கும் கேள்வி மிகுகின்றது. கரையோர மணற்றரையிற் கத்தரி, மிளகாய், பயற்றை முதலியன செய்வோரும் அவற்றை நாடுகின்றனர். மருந்தை எவ்வளவு நீரிற் கலப்பது, எவ்வேளையிற் தெளிப்பது என்பனவற்றைக் கமக்காரர் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிகின்றனர். ஆயின், வாங்கிய பொருளே பழுதாயிருந்து, அதனாற் பயிருக்கோ உடலுக்கோ தீங்கு நேரின் யாரிடம் எதனைக் கோரலாம் என்று கேட்பவர் அரியர். “நஞ்சுதானே, பட்டால் வருத்தம் வரத்தான் செய்யும்” என்று விட்டுவிடுவதே வழக்கமாயிருக்கின்றது.

இங்கே ஒரு வேறுபாட்டை முதலிற் தெளிதல் வேண்டும். கிருமிநாசினி இயல்பாகவே நஞ்சு. அது நஞ்சாயிருப்பது மட்டும் குறைபாடு ஆகாது. போத்தலிற் குறித்த மருந்துக்குப் பதில் வேறொன்று இருத்தல், காலங் கடந்த சரக்கைப் புதிதென விற்றல், எச்சரிக்கையும் அளவும் வாசிக்கத்தக்க மொழியில் இல்லாதிருத்தல், மூடி கசிதல், முதுகிற் சுமக்கும் தெளிகருவியின் தாங்கி வெடித்தல் என்பனவே குறைபாடுகள். கூறிய அளவிற் கலந்து, கூறிய காப்புடன் தெளித்தும் தீங்கு நேர்ந்ததா என்பதே முதலில் எழும் வினா.

பொருளை விலைக்கு வாங்கியவருக்குரிய பாதுகாப்பு பழைமையானது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் வழக்கிலுள்ளது. வாங்குபவர் தம் தேவையைக் கடைக்காரருக்கு அறிவித்து, அவருடைய அறிவை நம்பி வாங்கினால், அப்பொருள் அத்தேவைக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும் என்பது விற்பனையிற் சொல்லாமலே அடங்கிய நிபந்தனையாகும். பொருள் விற்பனைக்கேற்ற தரமுடையதாயிருத்தல் வேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை. இவை மீறப்பட்டால் விற்றவர் பிழை செய்தாரா இல்லையா என்று ஆராய வேண்டியதில்லை. அவர் அறியாது விற்றிருப்பினும் பொறுப்பு அவருடையதே.

இதிலே கமக்காரர் பெரும்பாலும் கவனியாத நுட்பம் ஒன்றுண்டு. கடைக்காரரின் ஆலோசனையை நம்பாது, வணிகப் பெயர் ஒன்றைக் கூறி அதனையே தரும்படி கேட்டு வாங்கினால், தேவைக்கு ஏற்றதாயிருத்தல் என்னும் முதல் நிபந்தனை பொருந்தாதெனச் சட்டம் கூறுகின்றது. தரம் பற்றிய நிபந்தனையே எஞ்சும். ஆதலின், அயல் வயற்காரர் அடித்த மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதிலும், “வேளாண்மைக்கு அறக்கொட்டி விழுந்திருக்கின்றது, இத்தனை நாட் பயிர், இதற்கு ஏற்றதைத் தருக” என்று கேட்பது பயிருக்கும் நன்று, சட்டத்துக்கும் நன்று. தெளிகருவியை விரித்துப் பார்த்து வாங்கியவர், பார்வையிற் தெரியத்தக்க குறையைப் பின்னர் முறையிடவியலாது என்பதும் நினைவிலிருத்தற்குரியது.

வாங்காதவரின் நிலை யாது? இப்பகுதியில் மருந்தை வாங்குபவர் போடியார். அதனை முதுகிற் சுமந்து வயலில் இறங்குபவர் கூலிக்காரர். தாங்கி கசிந்து முதுகு நனைந்தால் துன்புறுபவர் பின்னவரே. கடைக்காரருடன் அவருக்கு ஒப்பந்தம் ஏதுமில்லை. இத்தகையோருக்கு வழி திறந்த தீர்ப்பு 1932இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையில் வழங்கப்பட்டது. 1928இல் ஸ்கொத்லாந்தின் பெயிஸ்லி நகரில் ஒரு பெண்ணுக்கு அவருடைய தோழி இஞ்சிப் பானம் வாங்கிக் கொடுத்தார். ஒளி புகாத அப்போத்தலிலிருந்து அழுகிய நத்தை வெளிப்பட்டதென்றும், தாம் நோயுற்றதாகவும் அப்பெண் முறையிட்டார். இடையில் எவரும் சோதிக்கவியலாதபடி பொருளை அடைத்து அனுப்பும் உற்பத்தியாளர், அதனை இறுதியிற் பயன்படுத்துபவர் எவராயினும் அவருக்குக் கவனஞ் செலுத்தும் கடமையுடையவர் எனச் சபை தீர்ப்பளித்தது. (வழக்குப் பின்னர் இணக்கமாய் முடிந்தமையால், அப்போத்தலில் நத்தை இருந்ததா என்பது நிரூபிக்கப்படவேயில்லை.) 1935இல், அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரத்து வைத்தியர் ஒருவர், கம்பளி உள்ளாடையிற் கழுவாது விடப்பட்ட இரசாயனத்தாற் தோல்நோய் கண்டு வழக்கிட்டபோது, கோமறைக் கழகம் விற்ற கடையையும் செய்த ஆலையையும் ஒருங்கே பொறுப்பாக்கியது. அக்காலத்தில் இலங்கைக்கும் அதுவே உச்ச மேன்முறையீட்டு மன்றாயிருந்தது.

இலங்கையில் இவ்வகைக் கோரிக்கை உரோமன் ஒல்லாந்துச் சட்டத்தின் தீங்கியலின்கீழ் வருகின்றது. முஸ்லிம்களுக்கு விவாகம், மரபுரிமை முதலியவற்றிற் தனிச்சட்டம் உண்டெனினும், விற்பனையிலும் தீங்கியலிலும் எல்லோருக்கும் சட்டம் ஒன்றே. ஆயின், உற்பத்தியாளரின் கவனயீனத்தை வழக்காளியே நிரூபித்தல் வேண்டும், இது இலகுவன்று. ஐரோப்பிய நாடுகள் 1985ஆம் ஆண்டின் பணிப்புரைக்கு அமைய, கவனயீனத்தை நிரூபிக்காமலே நட்டஈடு பெறும் ஏற்பாட்டைச் செய்தன. இந்தியாவும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கெனத் தனி அத்தியாயம் சேர்த்தது. இலங்கையில் அத்தகைய தனிச்சட்டம் இல்லாமை ஒரு குறையே. கையுறை அணியாது தெளித்தவரின் கோரிக்கை முற்றாக அற்றுவிடும் என்பது மட்டும் சரியன்று. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவருடைய தவறின் அளவுக்கு நட்டஈடு குறைக்கப்படும், அவ்வளவே.

நிரூபணத்தின் கடினத்தை இந்திய நிகழ்ச்சியொன்று காட்டும். 2017இல் மகாராட்டிர மாநிலத்து யவத்மால் மாவட்டத்திற் பருத்திக்கு மருந்து தெளித்தோருள் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர். இருபதின் மேற்பட்டோர் இறந்தனர். உயிர் தப்பிய ஒருவரும், இறந்தோர் இருவரின் மனைவியரும் சுவிற்சர்லாந்துக் கம்பனி ஒன்றின்மீது அந்நாட்டிலே வழக்குத் தொடுத்தனர். கம்பனி தன் மருந்தே காரணம் என்பதை மறுத்தது. இரண்டு மூன்று மருந்துகளை ஒரே தாங்கியிற் கலந்து அடிக்கும் வழக்கம் இங்கும் உண்டு. அவ்வாறு அடித்தபின் எது தீங்கு செய்தது என்று எவராலும் கூறவியலாது போம்.

கேரளத்துக் காசர்கோட்டில் நடந்தது வேறுவகை. அங்கே அரசுத் தோட்டக் கூட்டுத்தாபனத்தின் மரமுந்திரிகை நிலங்களில் 2000ஆம் ஆண்டுவரை வானிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. துன்புற்ற அயலவர் மருந்தை வாங்கியவருமல்லர், அடித்தவருமல்லர். 2017 சனவரியில் இந்திய உச்சநீதிமன்றம் அவர்களுக்கு ஆளுக்கு 5 இலட்சம் ரூபா வழங்குமாறு மாநில அரசைப் பணித்தது. அம்மருந்தை இலங்கை 1998இலேயே தடைசெய்துவிட்டது.

அத்தகைய தடைக்கு வழிசெய்வது 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம். பேராதனை கெட்டம்பேயிலுள்ள பீடைகொல்லிகள் பதிவாளர் பதிவு செய்யாத மருந்தை விற்பது குற்றமாகும். சுட்டுத்துண்டில் பதிவு இலக்கம் இல்லாத போத்தலையும், கடலாற் கள்ளமாய் வந்ததெனக் குறைந்த விலைக்குத் தரப்படும் பொதியையும் வாங்காது விடுக. அவற்றாற் தீங்கு நேரின் பிடிப்பதற்கு உற்பத்தியாளரே இரார்.

நீதிமன்றஞ் செல்லாத வழியும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்திலே முறையிடலாம். விசாரணையில் நட்டம் நேர்ந்தமை தெரிந்தால், நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ வணிகரை அச்சபை பணிக்கலாம். ஆனால் முறைப்பாடு விற்பனையிலிருந்து 3 மாதத்துக்குள் செய்யப்படல் வேண்டும். விதைப்பில் வாங்கிய பொருளின் குறையை அறுவடை முடிந்தபின் முறையிட எண்ணியிருப்பவருக்கு அக்காலம் கடந்துவிடும்.

சான்று வேண்டுமெனிற் பற்றுச்சீட்டு வேண்டும். இங்கேதான் பெருந்தடை. அறுவடையிற் கொடுப்பதாகக் கடனுக்கு வாங்குவோர், கணக்குக் கொப்பி கடைக்காரரிடமிருக்கச் சீட்டுக் கேட்கக் கூசுகின்றனர். அடுத்த போகத்திற் கடன் மறுக்கப்படுமோ என்னும் அச்சம் வேறு. கடனுக்கு வாங்கியவரும் சட்டத்தில் வாங்கியவரே. கேட்டாற் சீட்டுக் கொடுக்க வேண்டியது வணிகரின் கடமை. கடைக்காரருக்கும் அது கேடன்று. பழுது இறக்குமதியாளருடையதாயின் அவரும் அதே சீட்டைக் கொண்டே தம் நட்டத்தை மேலே கோருவர்.

தீங்கு நேர்ந்தவுடன் நனைந்த உடையைக் களைந்து, உடலைச் சவர்க்காரமிட்டு நிறைய நீராற் கழுவி, சுட்டுத்துண்டுடன் போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்க. வைத்தியருக்கு மருந்தின் பெயர் தெரிதல் சிகிச்சைக்கு முதலிற் தேவை. வழக்குக்கு அது பிறகு. எஞ்சிய மருந்தை வாய்க்காலில் ஊற்றாமலும், போத்தலை எரிக்காமலும், பிள்ளைகள் கைபடாத இடத்திற் பூட்டி வைத்தல் வேண்டும். வெடித்த தெளிகருவியைத் திருத்தலாகாது. பயிர் கருகியிருப்பின், விவசாயப் போதனாசிரியர் வந்து பார்த்து எழுதும்வரை உழுது மறைக்காது, மருந்து படாத வரம்போரப் பயிருடன் ஒப்பிட இடம்விடுதல் நன்று. கைத்தொலைபேசியிற் படம் எடுத்து வைப்பதும் உதவும்.

தீங்கியல் வழக்கு 2 ஆண்டுக்குள் தொடுக்கப்படல் வேண்டும் என்பது 1871ஆம் ஆண்டுக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. சிறுதொகைப் பிணக்காயின் முதலில் மத்தியஸ்த சபைக்குச் சென்று, இணக்கமேற்படாவிடிற் சான்றிதழ் பெற்ற பின்னரே நீதிமன்றஞ் செல்லலாம். தொகையின் எல்லை காலத்துக்குக் காலம் மாறுவதால் அதனைச் சபையிற் கேட்டறிக. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதோர் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். நுகர்வோர் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. விவசாய ஆலோசனைக்கு 1920.