புல் எவ்வளவு காய்ந்தது?

வடக்கு கென்யாவின் மார்சபிட் வறட்டுப் பூமி. மழை பொய்த்தால் அங்கே முதலில் விழுவது மாடு. ஒட்டகம்தான் கடைசிவரை தாங்கும். 2020 இறுதி தொடங்கி ஐந்து பருவமழைகள் அடுத்தடுத்துப் பொய்த்தபோது கென்யாவில் சுமார் 25 லட்சம் கால்நடைகள் மடிந்தன. வெள்ளம் ஒரே இரவில் வந்துவிடும். வறட்சியோ புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கருக்கும். எந்தக் கட்டத்தில் உதவியை அனுப்புவது? இதை முடிவுசெய்ய அந்நாட்டின் தேசிய வறட்சி மேலாண்மை ஆணையம் செயற்கைக்கோள் தரும் ஓர் எண்ணையும் பார்க்கிறது.

உயிர்ப்புள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். இலை வாட வாட இந்த வித்தியாசம் குறையும். வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தாவரக் குறியீடு கிடைக்கும். நாசாவின் டெர்ரா செயற்கைக்கோளிலுள்ள மோடிஸ் கருவி 2000 முதல் சேர்த்த பதிவுகள் இருக்கின்றன. அதில் ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய 15 ஏக்கர்.

இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். மார்சபிட்டில் மலைமேல் அடர்ந்த காடு உண்டு. அதே மாவட்டத்தில் சால்பி பாலைவனமும் உண்டு. 0.16 என்பது காட்டுக்குப் பேரழிவு, பாலையோரத்துக்கு வழக்கமான நாள். ஆகவே ஓர் இடத்தை அதன் கடந்தகாலத்தோடு மட்டுமே ஒப்பிடுகிறார்கள். ஒரு மேய்ச்சல் நிலத்தில் இதே மாதத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த அளவு 0.10, மிக அதிகம் 0.50 என்று வைத்துக்கொள்வோம். இப்போது 0.16. அடிமட்டத்திலிருந்து 0.06தான் மேலே, மொத்த இடைவெளி 0.40. அதாவது 15 சதவீதம். மூன்று மாதச் சராசரி 35க்குக் கீழே இறங்கினால் மிதமான வறட்சி, 20க்குக் கீழே கடும் வறட்சி, 10க்குக் கீழே அதிதீவிரம்.

ஆனால் பச்சையெல்லாம் தீவனமல்ல. கென்யாவின் துர்க்கானா, பாரிங்கோ பகுதிகளை 'மதெங்கே' என்ற முள்மரம் வளைத்துக்கொண்டிருக்கிறது. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, நம் சீமைக் கருவேலம்தான். புல் செத்த கோடையிலும் அது பச்சையாக நிற்கும். செயற்கைக்கோளுக்கு அதுவும் பச்சைதான். எனக்கு மிகவும் கவலை தருவது இந்த இடம்தான்: எண் ஆறுதல் சொல்லும்போது ஆடு பட்டினி கிடக்கலாம்.

அதனால்தான் ஆணையத்தின் மாதாந்திர அறிக்கையில் பசுமை எண்ணோடு வேறு கணக்குகளும் வருகின்றன: வீட்டுக்கு எத்தனை லிட்டர் பால் கிடைத்தது, தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடந்தார்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மேற்கையை நாடாவால் சுற்றினால் எத்தனை மில்லிமீட்டர்.